வெள்ளரிக்காய் நீக்கப்பட்ட முறை

மூன்று வருடம் ஏழு மாதம் நான் வெள்ளரிக்காயைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். அந்தக் காலத்தில் வெள்ளரிக்காயைப் பற்றி எனக்குத் தெரியவந்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று, அது நீளமாக இருக்கும். இரண்டு, அது பொதுமைக்குத் தடையாக இருக்கும். இரண்டாவதை எங்கள் பேராசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டேன். முதலாவது எனக்கு முன்பே தெரியும்.

என் பெயர் சீப்ரன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாமில் தீர்வுமுறை விவரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று என் மாமியார் வருடத்துக்கு ஒருமுறை கேட்பார், வருடத்துக்கு ஒருமுறை நான் விளக்குவேன். டாக்டர் நோயைக் கண்டுபிடிக்கிறார். மெக்கானிக் வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கிறார். அவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை நாங்கள் கண்டுபிடித்து எழுதுவோம். அதைக் கணினிக்குள் போட்டால், டாக்டரும் மெக்கானிக்கும் இல்லாத இடத்தில் கணினியே கண்டுபிடித்துவிடும். "சரி, எத்தனை கம்ப்யூட்டருக்குள்ள போட்டீங்க?" என்று மாமியார் கேட்பார். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பேன். எழுதுவதோடு வேலை முடிந்துவிடுமா? எழுதியது நல்ல விதமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மதிப்பிட வேண்டும். மதிப்பிட்டது நல்ல மதிப்பீடுதானா என்று பார்க்க இன்னொரு குழு உண்டு. நான் மூன்று குழுவிலும் இருந்தேன். என்னை நானே மதிப்பிட்டு, நான் மதிப்பிட்டது சரியே என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு நிபுணர் தேவைப்பட்டார். நால்ட்வைக் பக்கம் கண்ணாடிக் குடில்களில் வெள்ளரி போடும் யோப்பி என்ற பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அந்த வட்டாரத்தில் யார் தோட்டத்தில் இலை வாடினாலும் முதல் போன் யோப்பிக்குத்தான் போகும். ஐம்பத்தெட்டு வயது. கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கணவரின் தம்பி ஆரியும் அவருமாகப் பன்னிரண்டு வரிசை வெள்ளரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பேராசிரியர் ஏவாட் டெர்லிண்டனும் நானும் போனோம். அவரை ஏவாட் என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் சமம், எல்லோரும் கருத்துச் சொல்லலாம், எல்லோரும் சொல்லி முடித்தபிறகு ஏவாட் சொன்னது நடக்கும். யோப்பி ஆளுக்கொரு காப்பியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினார். ஏவாட் ஒரு மணி நேரம் விளக்கினார்.

"சரி, இதுல எனக்கு என்ன கிடைக்கும்?" என்று யோப்பி கேட்டார்.

"மனித அறிவுக்கு உங்க பங்களிப்பு," என்றார் ஏவாட்.

"அது ஒரு பக்கம் கிடக்கட்டும். எனக்கு இடுப்பு எலும்பு தேஞ்சு போச்சு. மாத்தியே ஆகணும்ங்கறார் டாக்டர். மூணு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு ஓட்டுவேன், அதுக்கு மேல முடியாது. நான் ஆஸ்பத்திரியில கிடக்கிற மூணு வாரம் ஆரி தனியா இருப்பான். அவன் கை நல்ல கை. ஆனா என்ன பண்ணணும்னு பக்கத்துல நின்னு நான் சொல்லணும். அந்த மூணு வாரத்துல ஏதாவது ஆச்சுன்னா பயிர் போச்சு, பயிர் போனா நாங்க குடிலை விக்க வேண்டியதுதான். எனக்குப் பதிலா உங்க கம்ப்யூட்டர் அவனுக்குச் சொல்லுமா?"

"மூணு வருஷமா!" ஏவாட் சிரித்தார். "தாராளமா சொல்லும்."

ஆரி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, பெரிய கை, பெரிய கால். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மூன்று வருடமும் பேசவில்லை. அண்ணி பேசிக்கொண்டிருக்கும்போது கொழுந்தன் பேச இடமும் கிடைக்காது.

ஏவாட் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கான வேலையை நான் ஆரம்பித்தேன்.

நிபுணர் வேலை செய்யும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும், நான் டேப்பில் பதிய வேண்டும். இதில் கடுமையான விதி ஒன்று உண்டு. ஆராய்ச்சியாளன் பதில் சொல்லக் கூடாது, தலையாட்டக் கூடாது, உதவக் கூடாது. நிபுணரின் சிந்தனையில் அவன் நிழல்கூட விழக் கூடாது. அவன் பேசலாம் என்று அனுமதித்திருப்பது ஒரே ஒரு வாசகம். "தொடர்ந்து பேசுங்க, மனசுல ஓடுறதை அப்படியே சொல்லுங்க." இதைச் சரியான தொனியில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் தந்தார்கள்.

முதல் நாள் குடிலுக்குள் யோப்பி வேலை செய்தபடியே பேசிக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஆரி. பின்னால் டேப் ரெக்கார்டரோடு நான்.

"தம்பி, நீ சொட்டுக் குழாய் மேல நிக்கிற," என்றார் யோப்பி.

"தொடர்ந்து பேசுங்க," என்றேன்.

"அதைத்தானே பண்றேன். காலை எடு."

"மனசுல ஓடுறதை அப்படியே சொல்லுங்க."

"ஒரு மடையன் என் குழாய் மேல நிக்கிறான்னு ஓடுது!"

ஆரி வந்து என்னை இரண்டு தோளிலும் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார். இந்த உரையாடலை எங்கள் நிறுவனத்தில் எழுத்தாக்கி, "கோளாறின் காரணம் குறித்த கருதுகோள்" என்று வகைப்படுத்தினோம். சரிபார்க்கப்பட்டதா என்ற கட்டத்தில் "இல்லை" என்று போட்டோம், ஏனென்றால் குழாய் மேல் யாராவது நின்றார்களா என்று டேப்பில் தெரியவில்லை.

மொத்தம் இருநூற்றுப் பதினான்கு மணி நேரம் பதிந்தேன். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டேப்பைத் திருப்ப வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் யோப்பி, "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து எங்கேயோ போய்விட்டு வருவார். பதிவாகாத நேரம் ஆராய்ச்சிக்கு உட்பட்டதல்ல என்பதால் எங்கே போகிறார் என்று நான் கேட்டதில்லை.

எழுத்தாக்கத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு "ம்ம்" இருந்தன. நிபுணர் "ம்ம்" என்று சொல்லும்போதுதான் உண்மையில் சிந்திக்கிறார் என்று ஏவாட் கருதினார். "ம்ம்" குழு ஒன்று அமைத்தோம். குட்டை "ம்ம்", இரட்டை "ம்ம்", ஏறும் "ம்ம்", நீண்ட "ம்ம்" என்று நான்கு வகை தேறின. நீண்ட "ம்ம்" என்பது பல கருதுகோள்களை மனத்துக்குள் ஒரே நேரத்தில் எடைபோடுவதன் அடையாளம் என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். ஸ்டாக்ஹோமில் படித்தேன், கை தட்டினார்கள். திரும்பி வந்து பெருமையோடு யோப்பியிடம் காட்டினேன்.

"இந்த நீட்டு 'ம்ம்' நான் குனியும்போது வர்றது," என்றார். "இடுப்பு வலி."

அதற்குள் இரண்டாவது கட்டுரையும் அச்சுக்குப் போயிருந்தது. வலியை யாரும் மறுக்க முடியாது, கட்டுரையையும் திரும்பப் பெற முடியாது. அவர் இடுப்பை வைத்து நான் பதவி உயர்வு வாங்கியிருக்கிறேன் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் முறையை எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி இருந்தது: "நடுப்பகலில் வெள்ளரி இலை வாடினால், முதலில் சொட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்." எழுதி முடித்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆரிக்கு இது புரியும் என்று நினைத்தேன். கூட்டத்தில் வைத்தேன்.

"வெள்ளரி எதுக்கு இங்க வருது?" என்று ஏவாட் கேட்டார்.

"வெள்ளரித் தோட்டம் ஏவாட்."

"சீப்ரன், சீப்ரன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். நீண்ட பேச்சுக்கு அதுதான் அறிகுறி. "வெள்ளரிக்குன்னு ஒரு முறை எழுதினா அது வெள்ளரிக்கு மட்டும்தான் உதவும். அப்புறம் தக்காளிக்கு ஒண்ணு, ரயில் என்ஜினுக்கு ஒண்ணுன்னு எழுதிட்டே போக வேண்டியதுதான். அது தோட்டக்காரன் பண்ற வேலை. நாம விஞ்ஞானிகள். ஒரு முறை எல்லாத்துக்கும் உதவணும்னா, அது குறிப்பா எதுக்கும் உதவக் கூடாது. என் வாழ்க்கை முழுக்க நான் இந்தக் கொள்கையிலதான் நடந்திருக்கேன்."

எல்லோரும் கருத்துச் சொன்னார்கள். எல்லோரும் வெள்ளரியை நீக்கலாம் என்றார்கள். நானும் கை தூக்கினேன். அடுத்த மாதக் கூட்டத்தில் இலை போனது. அதற்கடுத்த மாதம் தண்ணீரும் குழாயும் போயின. நடுப்பகலை எடுக்க மட்டும் மூன்று கூட்டம் ஆனது, காலம் எல்லாத் துறைக்கும் பொதுவல்லவா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். "முதலில்" என்ற சொல் வரிசையைக் குறிக்கிறது, வரிசை வேறு குழுவின் பொறுப்பு, அதனால் அதுவும் போனது. "பார்" என்பது கண் உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும் என்று மாற்றினோம். கடைசியில் முறை இப்படி நின்றது: "சரியில்லாததற்குக் காணக்கூடியதைப் பெறுக." இதற்கு ஆதாரமாக நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் இணைத்தோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் வெள்ளரிக்காய் ஏட்டில்கூடத் தங்கவில்லை.

பிறகு மதிப்பீடு. ஒன்பது அளவுகோல்கள். பொதுமை, முழுமை, சுருக்கம் என்று போகும். முறையை மாதாகோயில் மணி, கப்பல், வருமான வரி ஆகியவற்றில் மனத்தளவில் பொருத்திப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்தியது. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண். நான் ஒருமுறை மட்டும், பயந்து பயந்து, பத்தாவது அளவுகோல் ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"என்னது?"

"செடி பிழைக்குதான்னு பார்க்கலாமா?"

ஏவாட் என்னைப் பரிவோடு பார்த்தார். "அது செடியோட தரம்ப்பா. முறையோட தரம் இல்ல."

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அப்போது அது எனக்கு ஆழமான கருத்தாகப் பட்டது. என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பரில் யோப்பிக்கு அறுவை சிகிச்சைத் தேதி வந்தது. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சனிக்கிழமை நான் கணினியைக் கொண்டுபோய்க் குடிலின் மூலையில் மேசைமேல் வைத்தேன். திரை பச்சையாக ஒளிர்ந்தது. "சரியில்லாததை உள்ளிடவும்" என்று கேட்டது. யோப்பி ஒரு விரலால் "இலை வாடுது" என்று தட்டினார். கணினி இரண்டு நிமிடம் யோசித்தது. "காணக்கூடியதைப் பெறவும்" என்றது.

யோப்பி திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்கா மூணு வருஷம் என் பின்னாடி சுத்தின?"

"இது முதல் பதிப்புதான்..."

"தம்பி, நாளான்னைக்கு என்னை அறுக்கப் போறாங்க. ரெண்டாவது பதிப்பு எப்ப வரும்?"

நான் விசைப்பலகையின் தூசியைத் தட்டினேன். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டார். வெளியே வரும்போது ஆரி பின்னாலேயே வந்தார். ஒரு துண்டுச் சீட்டில் எங்கள் அலுவலக எண்ணை எழுதி அவர் கையில் கொடுத்தேன். அந்த மூன்று வருடத்தில் எந்தக் குழுவின் அனுமதியும் இல்லாமல் நான் செய்த ஒரே வேலை அது.

வியாழக்கிழமை, எங்கள் திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பிய அலுவலகத்தின் சார்பில் ஆய்வாளர்கள் வந்தார்கள். எங்கள் திட்டத்தை நீட்டிப்பதா, மூடுவதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். நீட்டித்தால் எனக்கு வேலை, மூடினால் இல்லை. வந்தவர்கள் இரண்டு பேர். டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் போதில், எப்போதும் கையில் மதிப்பெண் படிவம் வைத்திருப்பவர். இன்னொருவர் ஒரு பிரெஞ்சுக்காரர், அவர் எதற்கும் புருவம் தூக்குவார்.

துரதிர்ஷ்டவசமாக அன்றைக்கு எங்கள் செயலாளர் ஹெட்டிக்குப் பிறந்தநாள். ஐரோப்பாவே இடிந்து விழுந்தாலும் பிறந்தநாளை விட முடியாது. ஹெட்டி தன் கேக்கைத் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார். எல்லோரும் அவர் மேசையைச் சுற்றி நின்றோம். முதலில் ஹெட்டியை வாழ்த்தினோம். பிறகு எங்கள் ஊர் வழக்கப்படி, ஹெட்டிக்குப் பிறந்தநாள் வந்ததற்காக ஒருவரையொருவர் கைகுலுக்கி வாழ்த்தினோம். பிரெஞ்சுக்காரருக்கும் பதினான்கு பேர் வாழ்த்துச் சொன்னார்கள். "எனக்குப் பிறந்தநாள் மார்ச்சுலங்க," என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டர் போதில் படிவத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

எல்லோர் கையிலும் கேக் தட்டு இருந்தபோது ஹெட்டியின் மேசையில் போன் அடித்தது. அவர் கை முழுக்கக் கிரீம். ஒலிபெருக்கிப் பொத்தானை முழங்கையால் அழுத்தினார்.

"சீப்ரன் இருக்காரா?" ஆண் குரல். யார் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடத்தில் அந்தக் குரலைக் கேட்டதில்லையே.

"நான்தான். நீங்க?"

"ஆரி." மூச்சு வாங்கியது. "இலை வாடுது. பதினொண்ணாவது, பன்னெண்டாவது வரிசை. தலை தொங்கிடுச்சு. கம்ப்யூட்டர்ல போட்டேன். காணக்கூடியதைப் பெறுன்னு சொல்லுது. பெற்றுட்டேன். கண்ணால பார்த்துட்டுதானே இருக்கேன்! இப்ப என்ன பண்றது?"

அறையில் ஒரு முள்கரண்டி தட்டில் பட்ட சத்தம் கேட்டது. ஏவாட்டின் முகம் கேக் கிரீமின் நிறத்துக்கு வந்தது. ஆனால் அவர் அனுபவசாலி. "நண்பர்களே," என்று ஆய்வாளர்கள் பக்கம் திரும்பினார். "இதுதான் எங்க நேரடிச் செயல்விளக்கம். அட்டவணைப்படி ரெண்டு மணிக்கு இருந்தது. கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு."

டாக்டர் போதில் உடனே புதுப் படிவம் எடுத்தார். நான் பழக்க தோஷத்தால் பையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்துப் போன் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆரியும் அந்தப் பக்கம் காத்திருந்தார்.

பன்னிரண்டு வரிசைச் செடி, ஒரு பெண்ணின் பிழைப்பு, அவர் அறுத்துப் போட்ட இடுப்போடு படுத்திருக்கிறார். மூன்று வருடம் ஏழு மாதம் அவர் பேசுவதைக் கேட்டவன் நான். என் தலைக்குள் தேடினேன். நான்கு வகை "ம்ம்" இருந்தன. வேறொன்றும் இல்லை. அவர் பேசியதை நான் பதிந்தேனே தவிரக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாசகம், அதற்குத்தான் சான்றிதழும் இருக்கிறது.

"தொடர்ந்து பேசுங்க," என்றேன். "மனசுல ஓடுறதை அப்படியே சொல்லுங்க."

"நானா?"

"தொடர்ந்து பேசுங்க."

ஆரி ஆரம்பித்தார். ஐம்பது வருடத்தில் முதல்முறையாக யாரோ அவரைப் பேசச் சொல்கிறார்கள் போல, தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

"அது... கடைசி ரெண்டு வரிசைதான் வாடுது. முன்னாடி வரிசையெல்லாம் நல்லா இருக்கு. நோய்னா அப்படி வரிசை பார்த்து வராது. அப்ப தண்ணிதான். தண்ணி கடைசி வரைக்கும் போகலை. ஆனா மோட்டார் ஓடுது. தொட்டி நிறைய இருக்கு. நேத்தும் லேசா தலை சாஞ்சுது, நான் வெயில்னு நெனச்சேன். செவ்வாக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்துது. செவ்வாக்கிழமை என்ன பண்ணேன்? காலையில வடிகட்டியைக் கழுவினேன். கழுவுறதுக்கு முன்னாடி பெரிய குழாயை மூடினேன். கழுவி மாட்டினேன். அப்புறம் குழாயை..."

நின்றுவிட்டது. "தொடர்ந்து பேசுங்க" என்று நான் சொல்லவில்லை. போனை மேசையில் போடும் சத்தமும் மரச்செருப்பு ஓடும் சத்தமும் கேட்டன. அந்தப் பக்கம் ரேடியோவில் யாரோ வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். பதினேழு பேர் கேக் தட்டோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"தரவு சேகரிப்பு நடந்துட்டிருக்கு," என்று ஏவாட் மெதுவாகச் சொன்னார்.

"வேகம் குறைவு," என்று டாக்டர் போதில் குறித்துக்கொண்டார்.

மரச்செருப்பு திரும்பி வந்தது. "பாதிதான் திறந்திருக்கேன்," என்றார் ஆரி. "குழாயைப் பாதிதான் திறந்து விட்டிருக்கேன். இப்ப முழுசாத் திறந்துட்டேன். கடைசி வரிசையில சொட்ட ஆரம்பிச்சிடுச்சு." அவர் குரல் உடைந்தது. "என் தப்புதான். சீப்ரன், அண்ணிக்குச் சொல்லிடாதீங்க. என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போனாங்க. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்," என்றேன். அது விதிமீறல். நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது.

போன் வைக்கப்பட்டதும் பிரெஞ்சுக்காரர் முதல்முறையாக இரண்டு புருவத்தையும் சேர்த்துத் தூக்கினார். "அற்புதம்!" என்றார். "நிபுணர் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. கணினியும் சொல்லலை. ஆனா சிக்கல் தீர்ந்துடுச்சு. இந்த முறைக்கு என்ன பேரு?"

"அதைத்தான் விவரிக்க வேண்டியிருக்கு," என்றார் ஏவாட், கண் இமைக்காமல். "அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் வேணும்."

கொடுத்துவிட்டார்கள். அன்று மாலையே கைகுலுக்கி ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் எல்லோரையும் இன்னொரு சுற்று வாழ்த்தினோம்.

எனக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. அந்த டேப். யோப்பியின் தோட்டத்தைப் பற்றிப் பதிந்த ஒவ்வொரு வார்த்தையையும் எழுத்தாக்கி அவருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு "ம்ம்"மில் ஒன்றைக்கூடத் தொலைக்காத நான், வெள்ளிக்கிழமை காலை என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அந்த டேப்பைப் போட்டு அதன்மேல் நாற்பத்தைந்து நிமிடம், அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின் இரைச்சலைப் பதிந்தேன். இயந்திரக் கோளாறு என்று அறிக்கை கொடுத்தேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே மோசடி. மற்றதெல்லாம் முறைப்படி செய்தவை.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குத் திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். யோப்பி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து சொன்னா," என்று ஆரம்பித்தார். "கடைசி ரெண்டு வரிசையில காய் கொஞ்சம் வளைஞ்சிருக்காம். மத்ததெல்லாம் நல்லா இருக்காம். ஆரிகிட்ட கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். என்ன ஆச்சு தம்பி?"

ஆரிக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் இருந்தது. பொய் சொல்ல எனக்கு வராது, மெய் சொல்லக் கூடாது. வாயில் வந்தது அதே வாசகம்தான்.

"தொடர்ந்து பேசுங்க. மனசுல ஓடுறதை..."

"அட, இங்கேயுமா!" என்று திராட்சையை எடுத்தார். ஆனால் பழக்கம் அவரையும் விடவில்லை. விட்டத்தைப் பார்த்தபடி சொன்னார். "கடைசி ரெண்டு வரிசைன்னா தண்ணி போகலை. செவ்வாக்கிழமை வடிகட்டி கழுவுற நாள். கழுவிட்டுக் குழாயைப் பாதிதான் திறந்திருப்பான்."

அரை நிமிடம் ஆகியிருக்கும். ஒரு "ம்ம்"கூட வரவில்லை. இடுப்புதான் புதிதாயிற்றே.

"எப்படிச் சொல்றீங்க?" என்றேன்.

"அவன் எப்பவும் பாதிதான் திறப்பான். அவங்க அண்ணன் இருந்த காலத்துல ஒருதடவை முழுசாத் திறந்து குழாய் பிடுங்கிக்கிச்சு, அண்ணன்காரன் எல்லார் முன்னாடியும் கத்திட்டார். அதுல இருந்து பயம். அவன் அந்தப் பக்கம் போனதும் நான் போய் முழுசாத் திறந்து வைப்பேன். பன்னெண்டு வருஷமா நடக்குது."

"இருநூத்திப் பதினாலு மணி நேரம் பேசினீங்க. இதை ஒருதடவைகூடச் சொல்லலையே!"

"எப்படிச் சொல்லுவேன்? அவன் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தானே. நீ டேப்பை மாத்துற நேரம் பார்த்துதான் ஓடிப்போய்த் திறந்துட்டு வருவேன்." ஒரு திராட்சையை என் கையில் வைத்தார். ஒன்றுதான். "இதையெல்லாம் எழுதி வெச்சிடாதே. அவனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடும்."

எழுத மாட்டேன் என்றேன். திராட்சையை வாயில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கியதை அவர் பார்க்க வேண்டாம் என்று.

திங்கட்கிழமை அலுவலகத்தில் புதிய திட்டத்தின் முதல் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். மொத்தம் ஒரே கேள்விதான்: நால்ட்வைக் தோட்டத்தில் சிக்கல் எந்த முறையில் தீர்க்கப்பட்டது? நான் பேனாவை எடுத்து, "சரியில்லாததற்குக் காணக்கூடியது பெறப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தேன். பொதுமைக்கு நூற்றுக்கு நூறு வாங்கினேன்.